யானைக் காட்டில் ஒரு பாடசாலை

பல்கலைக்கழகம் என்றதும் பெரிய மண்டபங்களும் நூலகமும் விரிவுரையாளரின் குரலுமே எமது மனக்கண்ணில் தோன்றும். விடியற்காலையில் எழும்பி, ஒரு கோப்பை தேநீரைக் குடித்துவிட்டு, துவக்கு ஏந்திய காவலருக்குப் பின்னால் ஒருவர் பின் ஒருவராக நடந்து போய், யானை இலத்தியைக் குச்சியால் கிளறி, உள்ளே எத்தனை விதைகள் கிடக்கின்றன என்று எண்ணிக் கொப்பியில் குறிக்கும் இருபது வயதுப் பிள்ளைகளைக் கண்டால், இவர்களும் பல்கலைக்கழக மாணவர்களே என்று நாம் இலகுவில் நம்பமாட்டோம். தென்னாபிரிக்காவின் குரூகர் தேசிய வனத்துக்கு உயிரியல் படிக்கச் சென்ற அமெரிக்க மாணவர்களின் வகுப்பறை இப்படித்தான் இருந்தது.

இலத்தியில் என்ன படிப்பு என்று கேட்பீர்கள். யானை நாளொன்றுக்கு 150 கிலோ அளவில் புல்லும் இலையும் பட்டையும் தின்னும். தின்றதில் பாதியைக்கூட அது செமிக்கச் செய்வதில்லை. அந்தக் காட்டில் மரூலா என்று ஒரு பழமரம் உண்டு. யானை அதன் பழத்தை விரும்பித் தின்று, வெகுதூரம் நடந்துபோய் விதையை முழுதாகப் போட்டுவிடும். எந்த மரம் எங்கே முளைக்கும் என்பதில் யானை நடந்த வழிக்கும் ஒரு பங்கு உண்டு. புத்தகத்தில் இதை ஒரே வரியில் படித்து முடிக்கலாம். ஆனால் வெயிலில் குந்தியிருந்து நூறு இலத்தியைக் கிளறியவன் அந்த வரியை மறக்கமாட்டான்.

இந்தப் படிப்பை நடத்தியது வெப்பமண்டல ஆய்வுகளுக்கான அமைப்பு என்னும் நிறுவனம். பல பல்கலைக்கழகங்கள் கூடி 1963 இல் இதைத் தொடங்கின. முதலில் நடு அமெரிக்காவிலுள்ள கொஸ்ராறிக்கா நாட்டின் மழைக்காடுகளிலேயே அதன் வேலை நடந்தது. 2000களில் தென்னாபிரிக்காவுக்கும் விரிந்தது. மாணவர்கள் ஒரு பருவம் முழுவதும் காட்டிலும் காட்டை அடுத்த கிராமங்களிலும் தங்கிப் படித்தனர். தென்னாபிரிக்க மாணவர்களும் சேர்ந்துகொண்டனர். கரும்பலகை வகுப்பும் இல்லாமல் இல்லை. ஆனால் பாதி நாள் கயிறு, அளவு நாடா, கொப்பி, பென்சிலுடன் வெளியில் கழிந்தது.

அமெரிக்கப் பிள்ளைகள் ஆபிரிக்காவில் படித்தால் எமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். யானை, வேலி, தீ, கிணறு, மாட்டு நோய், பறிபோன காணி: அந்தப் பிள்ளைகள் படித்தவை இவைதாம். இவற்றில் எது உங்களுக்குப் புதிது?

பெயரில் உள்ள கதை

குரூகர் வனம் தென்னாபிரிக்காவின் வடகிழக்கு மூலையில், மொசாம்பிக், சிம்பாப்வே ஆகிய நாடுகளின் எல்லையை ஒட்டிக் கிடக்கிறது. பரப்பு ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீற்றர். எமது வட மாகாணத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 1898 இல் சாபி என்ற ஆற்றின் பெயரில் ஒரு காப்பகமாகத் தொடங்கி, 1926 இல் தேசிய வனமாக்கப்பட்டது.

வன நிருவாகத்தின் தலைமையிடத்துக்கு ஸ்கூக்கூசா என்று பெயர். வெளிநாட்டு மாணவர்களும் உல்லாசப் பயணிகளும் வந்து இறங்குவது பெரும்பாலும் அங்கேதான். 1902 இல் முதலாவது காவலதிகாரியாக வந்த ஜேம்ஸ் ஸ்ரீவன்சன்-ஹமில்ற்றன் என்ற வெள்ளைக்கார அதிகாரிக்கு ஊர்மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. துடைத்து வெளியேற்றுபவன், எல்லாவற்றையும் தலைகீழாக்குபவன் என்றெல்லாம் அதற்குப் பொருள் சொல்வார்கள். காப்பகத்துக்குள் காலங்காலமாகக் குடியிருந்த குடும்பங்களை அவர் வெளியேற்றினார். கள்ள வேட்டைக்காரரை ஒழித்ததால் வந்த பெயர் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டையும் அவர் செய்தார். மிருகங்களைப் பார்க்க வருபவர்கள் பெயர்ப்பலகையின் முன்னே நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பெயரின் பொருள் எத்தனை பேருக்குத் தெரியுமோ?

வேலிக்கு உள்ளும் வெளியும்

சாபி ஆற்றங்கரையில் நிகூலு என்றோர் இடம் இருக்கிறது. 2000 ஆம் ஆண்டு பெப்ரவரியில் வந்த பெருவெள்ளம் அந்தக் கரையிலிருந்த மரங்களை வாரிக்கொண்டு போய்விட்டது. திரும்ப எது முளைக்கும், எப்படி முளைக்கும் என்று அறிய விரும்பிய ஆய்வாளர்கள் 2002 இல் அங்கே நிலத்தை மூன்று பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கில் பெரிய மிருகம் எதுவும் நுழையாதபடி வேலி. இன்னொரு பங்கில் உயரத்தில் மட்டும் கம்பி: மானும் பன்றியும் கீழால் நுழையும், யானையும் ஒட்டகச்சிவிங்கியும் நுழையா. மூன்றாவது பங்கு திறந்த நிலம்.

இவ்வளவுதான் வித்தை. ஒரே மண், ஒரே மழை, ஒரே ஆறு. வேறுபாடு வேலி மட்டும். சில வருடங்கள் கழிந்து வேலிக்கு உள்ளேயும் வெளியேயும் மரங்களை எண்ணினால், யானை செய்தது எது, மான் செய்தது எது என்று பிரித்துச் சொல்லலாம். யானை நுழையக்கூடிய இடங்களில், நுழைய முடியாத இடங்களைப் போல ஆறு மடங்கு மரங்கள் விழுவதாக 2012 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அது விமானத்திலிருந்து ஒளிக்கதிர் வீசி அளந்த ஆய்வு. களப் பாடசாலைப் பிள்ளைகளிடம் விமானம் ஏது? கயிற்றை நேராக இழுத்துக் கட்டி, கயிற்றுக்கு இரு பக்கமும் இரண்டு மீற்றருக்குள் நிற்கும் ஒவ்வொரு செடியையும் அளப்பார்கள். புல்லுக்கு ஒரு மீற்றர் சதுரமான சட்டம் போதும்.

இதை எமது வளவிலும் செய்யலாம். மூலையொன்றில் நாலு முழச் சதுரத்தை ஆடு, மாடு போகாதபடி கதியால் நட்டு அடையுங்கள். பக்கத்தில் அதே அளவு இடத்தைத் தடி நட்டு அடையாளப்படுத்தித் திறந்து விடுங்கள். மாரி முடிந்ததும் பிள்ளைகளை விட்டு இரண்டையும் எண்ணச் சொல்லுங்கள். உங்கள் ஆடு எதைத் தின்கிறது, எதைத் தொடுவதில்லை என்பது தெரிந்துவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட காணியில் மாத்திரம் இதைச் செய்யுங்கள்.

யானையைப் பற்றிய சண்டை அந்த நாட்டில் பெரிய சண்டை. யானை பெருகினால் மரம் அழியும் என்று சொல்லி 1967 தொடக்கம் 1994 வரை குரூகர் வனத்தில் 14,000க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டுக் கொன்றார்கள். தொகையை 7,000 அளவில் வைத்திருப்பதே நோக்கம். 1994 உடன் நிறுத்தினார்கள். 2015 அளவில் யானைகள் ஏறக்குறைய 17,000 ஆகிவிட்டன. மரங்கள் விழுவதும் உண்மை, கொல்லுவதை மனம் ஏற்காததும் உண்மை. களப் பாடசாலையில் இந்தக் கேள்விக்கு விடை எழுதிக் கொடுப்பதில்லை. அளந்து வா, பிறகு பேசு என்பார்கள்.

யானையோடு மல்லுக்கட்டும் எமது கமக்காரருக்கு உதவக்கூடிய இரண்டு செய்திகளையும் இவ்விடத்தில் சொல்லிவிட வேண்டும். யானை தேனீக்கு அஞ்சும். குரூகர் வனத்தை அடுத்த தனியார் வனமொன்றில் மரூலா மரங்களில் தேன்பெட்டிகளைத் தொங்கவிட்டார்கள். தேனீ குடியிருந்த மரங்களை யானை அநேகமாகத் தொடவே இல்லை. கென்யாவில் வயலைச் சுற்றித் தேன்பெட்டிகளைக் கம்பியால் இணைத்து வேலியாகவே கட்டியிருக்கிறார்கள். யானை கம்பியில் முட்டினால் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும். இலங்கையிலும் வஸ்கமுவப் பக்கத்தில் இதைப் பரீட்சித்தார்கள். எமது தேனீ ஆபிரிக்கத் தேனீயைப் போல மூர்க்கமானதல்ல என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். மற்றது மிளகாய். சிம்பாப்வேயின் சாம்பேசி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1990களில் கமக்காரரோடு சேர்ந்து பரீட்சிக்கப்பட்ட முறை இது: யானை இலத்தியோடு மிளகாய்த் தூளைக் குழைத்துக் கட்டியாக்கிக் காயவைத்து, இரவில் காற்று வரும் பக்கமாகப் புகைய விடுவார்கள். யானை மிளகாய்ச் செடியைத் தின்பதுமில்லை என்பதால் அதையே ஒரு பயிராகவும் போட்டார்கள். எந்த முறையும் முழுப் பாதுகாப்பல்ல. பசித்த யானை ஒருநாள் துணிந்துதான் வரும்.

தீயும் தண்ணீரும்

குரூகர் வனத்தில் 1954 இல் தொடங்கிய ஒரு பரிசோதனை உண்டு. நாலு வகை நிலங்களில், ஒவ்வொன்றும் ஏறக்குறைய 7 ஹெக்ரேயர், அதாவது 17 ஏக்கர் கொண்ட துண்டுகளை வகுத்தார்கள். ஒரு துண்டுக்கு வருடந்தோறும் தீ. இன்னொன்றுக்கு இரண்டு வருடத்துக்கொரு முறை, வேறொன்றுக்கு மூன்று வருடத்துக்கொரு முறை. சிலவற்றுக்குக் கோடையில், சிலவற்றுக்கு முதல் மழைக்குப் பின். ஒரு துண்டுக்குத் தீயே இல்லை. ஆரம்பித்தவர்கள் ஓய்வு பெற்றுப் போனார்கள், அரசாங்கமும் மாறியது, தீ வைப்பது மட்டும் நிற்கவில்லை.

தீ மரத்தைக் கொன்றுவிடும் என்றுதானே நினைப்போம்? நாற்பது வருடக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது மரங்களின் தொகையில் பெரிய மாற்றம் இல்லை. மாறியது உயரம். அடிக்கடி எரியும் நிலத்தில் கன்றுகள் மேலே கருகி, வேரிலிருந்து திரும்பத் தளிர்த்து, மறுபடி கருகி, ஆளுயரம் தாண்ட முடியாமல் புல்லுக்குள்ளேயே கிடக்கின்றன. சில வருடம் தீ வராமல் தப்பினால் ஒரே மூச்சில் உயர்ந்துவிடும். முழங்கால் உயரச் செடியொன்றைக் காட்டி, இதன் வேருக்கு எத்தனை வயது என்று கேட்டால் மாணவர்கள் திகைத்துப் போவது நியாயம்தானே.

தண்ணீர்க் கதை எம்மைப் போன்று கிராம வேலை செய்பவர்களை உறுத்தும் கதை. வறட்சியில் மிருகங்கள் சாகின்றன என்று இரங்கி, 1930களில் இருந்து அந்த வனத்தில் முந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்க்கிணறுகள் தோண்டப்பட்டன. காற்றாடி வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். அணைகளும் கட்டினார்கள். வடபகுதியில் றோன் என்ற அரிய மான் இனம் ஒன்று வாழ்ந்தது. வரண்ட நிலத்தில் உயர்ந்த புல்லை நம்பி வாழும் மான் அது. தண்ணீர் கிடைத்ததும் வரிக்குதிரைகள் கூட்டமாக அந்தப் பக்கம் வந்தன. வரிக்குதிரைகளைத் தேடிச் சிங்கம் வந்தது. புல்லும் குறைந்தது, சிங்கமும் கூடியது. 1986 இல் ஏறக்குறைய 450 ஆக இருந்த றோன் மான்கள் 1993 இல் 45 அளவுக்கு வந்துவிட்டன. பிறகுதான் விழித்துக்கொண்டு பல கிணறுகளை மூடினார்கள். மான் தொகை பழையபடி திரும்பவில்லை. கிணறு வெட்டியவர்கள் கெட்டவர்கள் அல்லர். இந்தத் தண்ணீரைக் குடிக்க வேறு யார் வருவார்கள் என்ற கேள்வி மட்டும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

காட்டுக்கு வெளியே

களப் பாடசாலையில் மாணவர்கள் அதிகம் பயந்தது சிங்கத்துக்கல்ல, கிராமத்தில் தங்கும் நாட்களுக்கு என்று நான் நினைக்கிறேன். வனத்தின் வடமேற்கு எல்லைக்கு அப்பால் ஹாமகூயா என்ற பகுதி இருக்கிறது. மக்கள் வெண்டா மொழி பேசுபவர்கள். மாணவர்கள் அங்குள்ள குடும்பங்களோடு சில நாட்கள் தங்க வேண்டியிருந்தது. மண் சுவர் வட்டக் குடிசை, நிலத்தில் பாய், தலையில் தண்ணீர் சுமத்தல், விறகு பொறுக்குதல். சாப்பாடு சோளன் மாக்களி. அதை வூசுவா என்பார்கள். மொப்பானி என்ற மரத்தின் இலையைத் தின்று கொழுக்கும் புழுவை உலர்த்திக் கறி வைப்பதும் உண்டு. காட்டின் தாவரங்களுக்கெல்லாம் இலத்தீன் பெயர் மனப்பாடம் செய்த பிள்ளை, வீட்டு அம்மா அதே செடியைப் பிடுங்கி எந்த வருத்தத்துக்கு அவிப்பது என்று சொல்லும்போது வாய் திறக்காமல் கேட்டிருக்க வேண்டியதுதான். யார் ஆசிரியர், யார் மாணவர் என்பது அங்கே மாறிவிடும்.

அங்கிருந்து பார்த்தால் வனத்தின் வேலி வேறு விதமாகத் தெரியும். 1960களின் தொடக்கத்தில் அந்த வேலி அடைக்கப்பட்டதற்குப் பெரிய காரணம் மாடு. காட்டெருமைகளின் உடம்பில் கால்-வாய் நோய்க் கிருமி அமைதியாக இருக்கும். எருமைக்கு ஒன்றும் செய்யாது. வேலி உடைந்து எருமை வெளியே வந்தால் ஊர் மாடுகளுக்குத் தொற்றும். ஆகவே வேலியோரக் கிராமங்களின் மாடுகளை மிருக வைத்தியப் பகுதியினர் வாராவாரம் பரிசோதிக்கிறார்கள், தடுப்பூசியும் போடுகிறார்கள். அந்த வலயத்து மாட்டை விரும்பிய சந்தைக்குக் கொண்டுபோய் விற்க முடியாது. காட்டின் மிருகத்தால் வரும் உல்லாசப் பயணிகளின் பணம் ஒரு பக்கம் போக, அதே மிருகத்தால் வரும் நட்டம் இந்த வீட்டுப் பட்டியில் நிற்கிறது. மாணவர்களின் கொப்பியில் எழுதப்பட வேண்டிய கணக்கு இதுவும்தான்.

மக்குலேக்கே மக்களின் காணி

அந்த வடபகுதியில், லிம்போபோ ஆறும் லுவுவுகு ஆறும் சந்திக்கும் பஃபூரி என்னும் முக்கோண நிலம் மிகவும் செழிப்பானது. ஆற்றங்கரை மண். பெரிய பெருக்கமரங்கள். எமது பனைக்கு உறவான லாலா என்ற மரமும் அப்பக்கத்தில் உண்டு, அதிலும் கள் இறக்குவார்கள். அங்கே மக்குலேக்கே என்ற மக்கள் கமம் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள்.

1969 இல் அன்றைய நிறவெறி அரசாங்கம் அந்த நிலத்தை வனத்தோடு சேர்த்தது. ஏறக்குறைய 3,000 பேர் லொறிகளில் ஏற்றப்பட்டுத் தெற்கே ந்ற்லவேனி என்ற வரண்ட இடத்தில் இறக்கப்பட்டார்கள். புறப்படுமுன் தமது வீடுகளுக்குத் தாமே தீ வைக்கும்படி துப்பாக்கி முனையில் நிர்ப்பந்திக்கப்பட்டதாக அந்த மக்கள் சொல்லி வருகிறார்கள். ஆற்றங்கரையில் பழகிய கமத்தை மழையை நம்பிய நிலத்தில் செய்ய வேண்டியதாயிற்று.

1994 இல் நிறவெறி ஆட்சி முடிந்தபின் காணி மீட்புச் சட்டம் ஒன்று வந்தது. 1913 யூன் 19க்குப் பின் இனப் பாகுபாட்டுச் சட்டங்களால் காணியை இழந்தவர்கள் அதைக் கேட்டு விண்ணப்பிக்கலாம் என்றது அச்சட்டம். மக்குலேக்கே மக்கள் விண்ணப்பித்தார்கள். வன அதிகாரிகள் முதலில் எதிர்த்தார்கள். நீண்ட பேச்சுவார்த்தையின் பின் 1998 இல் உடன்பாடு ஏற்பட்டது. ஏறத்தாழ 24,000 ஹெக்ரேயர், 59,000 ஏக்கர் அளவான நிலத்தின் உறுதி அவர்களது பொதுச் சங்கத்தின் பெயருக்குத் திரும்பியது. தேசிய வனமொன்றுக்குள் இருந்த காணி மக்களிடம் திரும்பியது அந்நாட்டில் பெரிய செய்தி.

ஆனால் நிபந்தனையோடுதான் திரும்பியது. அந்த நிலத்தில் குடியேற முடியாது. உழ முடியாது. சுரங்கம் தோண்ட முடியாது. நிலம் வனமாகவே இருக்கும். சங்கமும் வன நிருவாகமும் கூட்டுக் குழுவாக அதை மேற்பார்க்கும். வருமானத்துக்கான உரிமை மக்களுக்கு. அதன்படி அவர்கள் உல்லாச விடுதிக் கம்பனிகளுக்கு இடத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். ஊரவருக்கு வேலையும், பொதுத் தேவைகளுக்குப் பணமும் கிடைத்தன. 2007 இல் அங்குள்ள நீர்நிலங்கள் உலக முக்கியத்துவம் வாய்ந்தவையாக றம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

இதை வெற்றி என்று சொல்வோரும், உறுதி கையில் இருந்தும் மண்ணில் கால் ஊன்ற முடியாத காணி என்ன காணி என்று கேட்போரும் உண்டு. வயலை விட்டு வந்த உங்களுக்கு இரண்டாவது கேள்வியின் பாரம் தெரியும். எனக்கும் அந்தக் கேள்வி இலகுவில் போகவில்லை. 1969 இல் பத்து வயதாயிருந்த பிள்ளைக்கு உடன்பாடு வந்தபோது நாற்பதை நெருங்கும் வயது. ந்ற்லவேனியில் பாடசாலையும் தெருவும் கல்லறையும் வந்துவிட்டன. திரும்பிப் போகலாம் என்று சட்டம் அனுமதித்திருந்தால்கூட எத்தனை குடும்பங்கள் போயிருக்கும் என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது. ஒன்று மட்டும் தெளிவு: அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அந்த மக்களே. முந்திய ஒப்பந்தங்கள் எதிலும் அவர்களுக்கு ஒரு கையெழுத்து இருந்ததில்லை.

இப்போது அந்த நிலத்தில் வன வழிகாட்டிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் களமுகாம் ஒன்றும் இருக்கிறது. உலகின் பல பாகங்களிலிருந்தும் இளைஞர்கள் பணம் கட்டி வந்து, கூடாரத்தில் தங்கி, பறவையின் குரலையும் மிருகத்தின் காலடியையும் படிக்கிறார்கள். ந்ற்லவேனியில் பிறந்த மக்குலேக்கே இளைஞர்கள் சிலரும் வழிகாட்டிகளாகி அந்தக் காட்டில் வேலை செய்கிறார்கள். தமது பாட்டன்மார் சோளன் விதைத்த ஆற்றங்கரையில் வெளியூராரை நடத்திச் சென்று, இது இன்ன மரம், இது இன்ன விலங்கின் தடம் என்று காட்டுவது அவர்களுடைய அன்றாடத் தொழில்.